யானை கனவு காணுமா?

மேலைக்குன்றத்தை ஆண்ட சேதிராய மன்னருக்கு யானை என்றால் உயிர். அதைவிட உயிர், யாராவது இருவர் வாதம் செய்வதைப் பார்ப்பது. அதனால் அவர் ஊரில் ஒரு நூல் அரங்கேறுவது லேசான காரியமில்லை. எழுதியவர் சபை நடுவே நிற்க வேண்டும். தலைமைப் புலவர் கேள்வி கேட்பார். ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல் விழித்தாலும் நூல் தள்ளுபடி.

தேவகுஞ்சரி யானை வைத்தியம் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தாள். அது அரங்கேறினால் அரண்மனை யானைகளுக்கு அவள்தான் தலைமை வைத்தியர். ஆனால் தலைமைப் புலவர் கனகசபைக் கவிராயர் அந்தப் பதவியைத் தம் மைத்துனன் கோதண்டத்துக்கு என்று மனசுக்குள் எழுதிவைத்துவிட்டார். கோதண்டமோ யானை தும்மினால் அடுத்த தெருவுக்கு ஓடுகிறவன்.

குஞ்சரிக்குச் சோறு இறங்கவில்லை. அரசரையே கேலி செய்து சம்பளம் வாங்கும் உலகளந்தாரிடம் போய் நின்றாள். "ஐயா, கவிராயர் என்ன கேட்பாரோ, பயமாயிருக்கிறது."

"வா, ஒத்திகை பார்ப்போம்" என்றார் அவர்.

யானைக்கொட்டிலில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் நின்ற யானை கரும்புக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக உருவித் தின்றுகொண்டிருந்தது. குவியல் குறையக் குறைய, பின்னாலிருந்து ஒரு தலைப்பாகை எட்டிப் பார்த்தது. கோதண்டம்! குஞ்சரி வாயைத் திறப்பதற்குள் உலகளந்தார் கண்ணைச் சிமிட்டினார்.

"உனக்கு விடை தெரியாத கேள்வியாகச் சொல்லு" என்று கிசுகிசுத்தார். அவள் இரண்டு கேள்விகளை அவர் காதோடு சொன்னாள்.

உடனே அவர் கொட்டிலே அதிரக் கேட்டார்: "யானை கனவு காணுமா? விடையை என் காதில் சொல்லு... அடடா! இதைக் கேட்கிறவன் மானம் கப்பலேறும்! சரி, மதம் எந்த நாளில் பிடிக்கும்?... பலே! கேட்டவன் ஊரைவிட்டே ஓடுவான்!"

கோதண்டம் எல்லாவற்றையும் கவிராயரிடம் ஒப்பித்தான்.

மறுநாள் சபை கூடியது. கவிராயர் அந்தக் கேள்விகள் பக்கமே போகவில்லை. "யானைக்கு வயிறு உப்பினால்?" என்றார். குஞ்சரி சொன்னாள். "பாதம் வெடித்தால்?" அதையும் சொன்னாள். கவிராயர் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தார். கைவசம் கேள்வி தீர்ந்துபோய், "யானைக்குத் தும்பிக்கை எத்தனை?" என்று கேட்டுவிட்டார். சபை குலுங்கியது.

மன்னர் புருவத்தைத் தூக்கினார். "உலகளந்தாரே, இதில் உம்முடைய கை இருக்கிறதே!" உலகளந்தார் ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னார்.

"அப்படியா? ஒளித்த கேள்வியை நானே கேட்கிறேன். அம்மா குஞ்சரி, யானை கனவு காணுமா?"

குஞ்சரி யோசித்தாள். ஏதாவது அளந்துவிடலாம். அதை நம்பி ஒருவன் ஒரு யானைக்கு வைத்தியம் பார்த்தால்? நிமிர்ந்தாள்.

"தெரியாது, மகாராஜா."

கவிராயர் துள்ளி எழுந்தார். "தள்ளுபடி!"

"பொறும், கவிராயரே" என்றார் உலகளந்தார். "அவள் விழிக்கவில்லை, விடை சொல்லிவிட்டாள். அது தப்பென்றால் சரியான விடையை நீர் சொல்லும். யானை கனவு காணுமா?"

கவிராயர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கோதண்டத்தைப் பார்த்தார்.

"அது... எனக்கும் தெரியாது."

உலகளந்தார் மன்னர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "கேட்டீர்களா, அரசே! தலைமைப் புலவரும் அதே விடையைத்தான் சொல்கிறார்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தம் சால்வையை எடுத்துக் குஞ்சரிக்குப் போர்த்தினார்.