வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது

சொன்னபடிப்பட்டிக்காரர்கள் சொன்னால் சொன்னபடி செய்வார்கள். அதுதான் அந்த ஊரின் பெருமை. அந்த ஊரைப் பிடித்த சனியனும் அதுதான்.

அந்த ஊர் வடிவுக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுருண்டு விழுந்துவிடுவாள். "சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி எடுக்கணும், தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து" என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். வயிறு வடிவுடையது ஆயிற்றே! ஆகவே அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நர்சம்மா சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவள் புருஷன் ஆண்டியப்பனும் அவன் தம்பிகள் சங்கையாவும் மூக்கனும் உள்ளே போனார்கள்.

"ஆபரேஷன் அன்னிக்குக் காலைல பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது" என்றார் நர்சம்மா.

அந்த நாளும் விடிந்தது. வீட்டில் மாநாடு கூடியது.

"பச்சைத் தண்ணிதான ஆகாது? காப்பி காய்ச்சின தண்ணியாச்சே" என்றான் சங்கையா.

"பல்லுல படக்கூடாதுன்னாங்களேடா?" என்றான் ஆண்டியப்பன்.

மூக்கன்தான் அந்தக் குடும்பத்தின் அறிவுக்கொழுந்து. மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தான். "இதை வச்சு நேரா தொண்டையில ஊத்துனா பல்லுல எங்க படும்?"

"என் வயித்துக்கு என்ன போகணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றாள் வடிவு.

"வயிறு உன்னோடதுதான். கையெழுத்துப் போடப்போறது நான்ல?" என்றான் ஆண்டியப்பன்.

இதற்குப் பதில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. வடிவு வாயைத் திறந்தாள். சூடாக ஒரு மடக்கு உள்ளே இறங்கியது இதமாகத்தான் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

"ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.

"காப்பிதான். பல்லுல ஒரு சொட்டு படலை!" என்று மூக்கன் பெருமையோடு புனலைத் தூக்கிக் காட்டினான்.

தேதி தள்ளிப்போனது.

நர்சம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னார்: "தண்ணி, காப்பி எதுவும் கிடையாது. வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. ஏதாச்சும் இருந்தா கூட்டிட்டே வராதீங்க!"

வீடு திரும்பிய மூவரின் முகத்திலும் ஈயாடவில்லை.

"வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாதாம்" என்றான் சங்கையா.

"ஆமா."

"கல்லு இருக்கேண்ணே?"

ஆண்டியப்பன் தலையில் கைவைத்தான். "அடப்பாவி! கல்லோட போனா திருப்பி அனுப்பிருவாங்களே!"

"அப்ப முதல்ல கல்லு வெளிய வரணும். அப்புறந்தான் ஆபரேஷன்" என்று தீர்ப்புச் சொன்னான் மூக்கன்.

"கல்லை எடுக்கத்தானய்யா ஆபரேஷனே!" என்று கத்தினாள் வடிவு.

"சும்மா இருங்க மதினி. வலியில உளறுறீங்க."

குடம் குடமாக வாழைத்தண்டுச் சாறு வந்தது. கல் உருண்டு விழுந்துவிடும் என்று டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டாகப் பார்த்து உட்கார வைத்து, குண்டும் குழியுமான ரோட்டில் போகவும் வரவும் அலைக்கழித்தார்கள். கல் அசையவில்லை. வடிவின் உயிர்தான் போய்ப் போய் வந்தது.

தேதி நெருங்கியது. "கல்லு வெளிய வர்ற வரைக்கும் இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது" என்றான் ஆண்டியப்பன்.

வடிவும் அந்த ஊர்க்காரிதானே! சொன்னால் சொன்னபடி கேட்டாள். வாசற்படியைத் தாண்டவில்லை. ஆபரேஷன் அன்று காலையில் வெறும் வயிற்றோடு கொல்லைப்புறமாக இறங்கி, பக்கத்து வீட்டு மைமூனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் கையெழுத்தை அவளே போட்டாள். பேனா ஒன்றும் உடைந்துவிடவில்லை.

அவள் வீட்டில் இல்லை என்பதை, உலை கொதிக்காததை வைத்து மூவரும் துப்பறிந்தார்கள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு, கல்லை வெளியே எடுக்கும் வழியைத் தொடர்ந்து விவாதித்தார்கள்.

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வடிவு திரும்பி வந்தபோதும் விவாதம் முடிந்திருக்கவில்லை. ஒரு சின்னக் குப்பியை அவர்கள் முன்னால் வைத்தாள். உள்ளே கல்.

ஆண்டியப்பன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"டேய், கல்லு வெளிய வந்துருச்சுடா! இப்ப வயித்துல ஒண்ணுமே இல்லடா!"

மூக்கன் தெருவுக்குப் பாய்ந்தான். வடிவை இறக்கிவிட்ட ஆட்டோ அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, போயிராதீங்க! மதினியை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும்!"