முன்பலகை இல்லாத படகு

அலையாத்திக் காட்டு உப்பங்கழியில் துழாவன் என்றொரு நீர்நாய் இருந்தான். அவனிடம் ஒரு சின்ன மோட்டார் படகு இருந்தது. ஒரு பெருமழையில் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து சேற்றில் புதைந்து கிடந்ததை அவன்தான் தோண்டி எடுத்தான். தட்டுத்தடுமாறி ஓட்டவும் கற்றுக்கொண்டான்.

அதே மழை அவன் கூட்டத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவனுக்கென்று மிஞ்சியது அந்தப் படகும் பெருவாயியும்தான்.

பெருவாயி ஒரு கூழைக்கடா. ஒரு சிறகு ஒடிந்ததால் பறக்க முடியாதவள். அவளுடைய கூட்டமும் அவளை விட்டுவிட்டுப் பறந்துபோயிருந்தது. சாயங்காலமானால் படகின் முன்பலகையில் ஏறி உட்காருவாள். படகு டுப் டுப் என்று மெல்லப் போகும். எதிர்க்காற்று அவள் சிறகைத் தூக்கும்.

"துழாவா, நான் பறக்கறேன்டா!" என்பாள்.

"பற அக்கா, பற!" என்பான் அவன்.

போகிற வழியெல்லாம் பேச்சுதான். எந்த ஓடையில் மடவை மீன் ஏறியிருக்கிறது, எந்த மரத்தில் கொக்கு முட்டையிட்டிருக்கிறது என்று ஒன்றுவிடாமல் பேசுவார்கள். வீடு திரும்பும்போது இருவருக்கும் தொண்டை கட்டிப்போயிருக்கும்.

ஒருநாள் மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டது. கீழே பார்த்துச் சிரித்தது.

"டேய் நீர்நாயே! அது படகா, மிதக்கிற கட்டையா? நத்தைகூட உன்னை முந்திடும்!"

பெருவாயி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துழாவனுக்கோ முகம் சுண்டிப்போயிற்று. அன்று அவன் பாதி வழியிலேயே படகைக் கரைக்குத் திருப்பினான்.

மறுநாள் காலையிலேயே முடுக்கனிடம் போனான். முடுக்கன் ஒரு குரங்கு. ஸ்பேனரும் திருப்புளியுமாக ஒரு புன்னை மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். அந்தக் கழியில் எஞ்சின் வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"இந்தப் படகு பறக்கணும் முடுக்கா! பருந்தை முந்தணும்!"

முடுக்கன் படகைச் சுற்றிவந்தான். எஞ்சினைத் தட்டிப் பார்த்தான்.

"முடியும். தண்ணிக்குள்ள சுத்துற விசிறியை மாத்தணும். இன்னும் சாய்வான இலை உள்ளதா போட்டா ஒரு சுத்துக்கு அதிக தூரம் தள்ளும். எஞ்சினைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டணும். அப்பத்தான் தண்ணி இழுத்துப் பிடிக்காது. சைலன்சரைக் கழற்றணும்."

"கழற்று!"

"எடையையும் குறைக்கணும். துடுப்பு வேண்டாம். நிழல்கூரை வேண்டாம். முன்பலகையையும் எடுத்துடணும். அங்க கூழைக்கடா உட்கார்ந்தா மூக்கு அமுங்கும். வேகம் வராது."

துழாவன் சற்றுத் தயங்கினான். கரையில் பெருவாயி அலகால் சிறகைக் கோதிக்கொண்டு நின்றாள்.

"எடுக்கச் சொல்லுடா," என்றாள் அவள். "வேகமாப் போனா வேகமாத் திரும்பி வருவே. பேச நேரம் நிறைய இருக்கும்."

துழாவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முடுக்கன் ஆணிகளைப் பிடுங்கினான். பலகை கையோடு வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க," என்றான் முடுக்கன். "எஞ்சின் இப்ப உயரத்துல இருக்கு. சூடு தணிக்கிற தண்ணியைச் சரியா உறிஞ்சாது. அப்பப்ப நிறுத்தி ஆறவிடு."

"நிறுத்தறதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?" என்று சிரித்தான் துழாவன்.

கயிற்றை இழுத்தான். எஞ்சின் அலறியது! படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. அலையாத்தி மரங்கள் ஒரே பச்சைக் கோடாக ஓடின. துழாவன் வாய்விட்டுக் கத்தினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அன்று திரும்பி வந்து பெருவாயியிடம் மூச்சிரைக்கச் சொன்னான். "பார்த்தியா அக்கா! பார்த்தியா!"

"எங்க பார்த்தேன்? ஒரு சத்தம் வந்தது, போயிடுச்சு. போன இடத்துல என்னடா பார்த்தே?"

துழாவன் யோசித்துப் பார்த்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மறுபடியும் படகில் ஏறிக்கொண்டான்.

அதன்பிறகு தினமும் அதே ஓட்டம்தான். கொக்குகள் சத்தம் தாங்காமல் கூட்டை மாற்றிக்கொண்டு போயின. மடவை மீன்கள் ஆழத்துக்கு இறங்கிவிட்டன. பெருவாயி மட்டும் கரையிலேயே நின்றாள்.

"ஒரேயொரு தடவை என்னை ஏத்திக்கிட்டுப் போயேன்."

"எங்க உட்காருவே அக்கா? இடமே இல்லையே! நாளைக்கு நிறைய பேசலாம்!"

"சரிடா," என்றாள் அவள். அந்த 'நாளைக்கு' வரவேயில்லை.

ஒருநாள் செம்பருந்து முகத்துவாரத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. துழாவன் எஞ்சினை முழுசாக முறுக்கினான். பருந்தின் நிழலைத் தொட்டான். தாண்டினான். கழியும் கடலும் சேருகிற இடத்துக்கு அவன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான்.

"ஜெயிச்சிட்டேன்! உன்னை ஜெயிச்சிட்டேன்!"

பருந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"என்னையா? நீ போட்டியா போட்டே? நான் மீன் தேடிக்கிட்டு இருந்தேன்பா!"

அவ்வளவுதான். அது திரும்பிப் பறந்துவிட்டது.

துழாவன் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று முன்னால் பார்த்தான். படகின் மூக்கில் பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகள்தான் இருந்தன.

அப்போது எஞ்சின் இருமியது. புகை கக்கியது. கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. தொட்டால் கை வெந்துவிடும் போல் கொதித்தது. துடுப்பும் இல்லை. கழியிலிருந்து வடிகிற நீர் படகைக் கடலுக்குள் இழுத்தது.

"யாராவது இருக்கீங்களா!"

பதில் சொல்ல யாரும் இல்லை. துழாவன் படகை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு தண்ணீரில் குதித்தான். கை கால் ஓயும் மட்டும் நீந்திக் கரை சேர்ந்தபோது படகு தூரத்தில் ஒரு புள்ளியாகிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்தான். கரையில் பெருவாயி இல்லை.

"அக்கா எங்கே?" என்று ஒரு நண்டிடம் கேட்டான்.

"அந்த அம்மா போய் எவ்வளவோ நாளாச்சே! வேற கூழைக்கடாக்கள் நீந்தி மீன் பிடிச்சிக்கிட்டு வந்தாங்க. அவங்களோட போயிட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

துழாவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தினமும் அந்தக் கரையைத் தாண்டித்தான் அவன் போயிருந்தான்.

அவன் ஓடை ஓடையாக நீந்தித் தேடினான். கடைசியில் கழியின் மறுகோடியில் அவளைக் கண்டுபிடித்தான். கூழைக்கடாக்கள் வட்டமாக நின்று மீன்களை வளைத்துக்கொண்டிருந்தன. அந்த வட்டத்தில் அவளும் ஒருத்தி.

"அக்கா! என் மேல கோபமா?"

"ஐயோ, இல்லடா! எப்படி இளைச்சுப்போயிட்டே!" பெருவாயி தன் அலகுப் பையிலிருந்து ஒரு கொழுத்த மீனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"வந்துடு அக்கா. படகு போயிடுச்சு. நாம மெல்ல நீந்திக்கிட்டே பேசலாம்."

பெருவாயி அவனை அன்போடு பார்த்தாள். பிறகு தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வந்துட்டா இந்த வட்டத்துல ஒரு இடம் விட்டுப்போயிடும்டா. மீனெல்லாம் அது வழியாப் போயிடும். இவங்க என்னை எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்க."

துழாவன் தலையாட்டினான். அந்த மீனை வாயில் கவ்விக்கொண்டு நீந்தினான். ஒரு சேற்றுத் திட்டில் ஏறி உட்கார்ந்து தின்றான். மீன் ருசியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் பக்கத்தில் யாரும் இல்லை.

வேகமாகப் போவதற்காகக் கூட வருபவரை இறக்கிவிடுகிறவன், போய்ச் சேர்ந்த இடத்தில் தனியாகத்தான் நிற்பான்.