குளியலறைக் குழாய் இருமிய ஞாயிற்றுக்கிழமை

செந்தூரன் நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் ஜம்புலிங்கத்தின் வாயைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. அவர் வீட்டுக்குள் ஒரு எலி புகுந்தால், தெருமுனைக்குச் செய்தி வருவதற்குள் அது பெருச்சாளியாகி, டீக்கடைக்கு வரும்போது காட்டுப்பன்றியாகிவிடும். கெட்ட மனுஷன் இல்லை. பஸ் பாடி கட்டும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நாளெல்லாம் நட்டையும் போல்ட்டையும் ஒன்று கூடாமல் குறையாமல் எடுத்துக் கொடுக்கிறவருக்கு, வேலை முடிந்து வெளியே வந்ததும் அளவே மறந்துபோகும், அவ்வளவுதான்.

அவர் மனைவி தமயந்தி வெள்ளிக்கிழமை வாலாஜாபேட்டைக்கு ஒரு வளைகாப்புக்குக் கிளம்பினாள். போகும்போது, "பாத்ரூம் குழாய் சொட்டுது. சொட்டட்டும். நீங்க மட்டும் அதுல கை வைக்காதீங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜம்புலிங்கம் கை வைத்தார். குறடை வைத்து அரைத் திருகு திருகியிருந்தால் போதும். அவர் ஒன்றரைத் திருகு திருகினார். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் முகத்தில் அறைந்தது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாகவே ஓடி ரொப்பிவிடும். அதனால் வரத்து குறையவே இல்லை. எங்கே அடைத்தால் நிற்கும் என்பது பதினோரு வருடமாக அந்த வீட்டில் குடியிருக்கும் அவருக்குத் தெரியாது. பக்கெட், துண்டு, போர்வை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் போராடினார். தண்ணீர் அவரைச் சட்டை செய்யாமல் ஹாலைக் கடந்து, படுக்கையறை போய், வாசல் வழியாகத் தெருவிலும் இறங்கியது. பன்னிரண்டு மணிவாக்கில்தான் நின்றது.

பன்னிரண்டரைக்கு ஆட்டோ வந்து நின்றது. தமயந்தி இறங்கினாள். பையைத் தூக்கிக்கொண்டு அவள் தம்பி இளவழகன் பின்னால் வந்தான். தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தெருவில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஜெபமணியும் அவர்களோடு வந்து சேர்ந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கண்ணால் பார்த்தால்தான் கொடி காட்டுவார்.

தமயந்தி ஹாலைப் பார்த்தாள். மிதியடி மிதந்துகொண்டிருந்தது. இலவம்பஞ்சு மெத்தை குடித்த யானை மாதிரி கிடந்தது.

"குழாய்ல கை வச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் ஜம்புலிங்கம் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"நானா? நான் அந்தப் பக்கமே போகல. பல் விளக்க உள்ளே போனேன், குழாய் என்னைப் பாத்து இருமிச்சு."

"குழாய் இருமிச்சா?"

"மூணு தரம். அப்புறம் ஒரு தும்மல்! ஜன்னல் கம்பிக்கு நடுவுல பாஞ்சு, ரயில் பாதையைத் தாண்டி, கூடுவாஞ்சேரி பக்கம் போயிடுச்சு."

இளவழகன் வாஷிங் மெஷின் மேலிருந்து குழாயை எடுத்துக் காட்டினான். "மாமா, இது என்ன?"

"திரும்பி வந்துச்சு மாப்ள. போன வேகம் அப்படி. எதுல மோதிச்சோ பாவம், பாரு, கழுத்துல பல்லு பதிஞ்சிருக்கு."

அது குறடின் பல் என்பது மூன்று பேருக்குமே தெரிந்தது. தமயந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். அவள் பேசாதது ஜம்புலிங்கத்துக்கு இன்னும் பயமாக இருந்தது. திட்டினால்கூடப் பரவாயில்லை. அந்த மௌனத்தை நிரப்ப அவரிடம் வார்த்தை தவிர ஒன்றும் இல்லை.

"தண்ணின்னா உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டுத் தண்ணி இல்ல. முழங்காலுக்கு வந்துச்சு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கழுத்துக்கு வந்துச்சு. அடுத்து ஃபேனை எட்டிடுச்சு. ஃபேன் வேற ஓடிக்கிட்டிருந்ததா, மோட்டார் படகு மாதிரி வீடே கிழக்கால நகரப் பாத்துச்சு. நான்தான் தூணைப் பிடிச்சு இழுத்து நிறுத்தினேன்."

ஜெபமணி குனிந்து சுவரைப் பார்த்தார். "ஜம்பு, ஈரம் நாலு விரல் உசரம்தானே இருக்கு?"

"ஓரத்துல நாலு விரல்தான் சார். நான் இல்லைன்னா சொன்னேன்? நடு ஹால்ல மட்டும் எழும்பி நின்னுச்சு, குவிச்சு வச்ச நெல்லு மாதிரி. பெயின்ட் அடிச்சு ஒரு வருஷம்கூட ஆகல, சுவத்துமேல படாதேன்னு நான்தான் அதட்டி வச்சேன்."

"கேட்டுச்சா?"

"மரியாதையான தண்ணி."

இளவழகன் திரும்பி நின்று தோளைக் குலுக்கினான். சிரிக்கிறானா இருமுகிறானா என்று தெரியவில்லை. ஜம்புலிங்கத்துக்கு அதுவே போதுமான உற்சாகமாக இருந்தது.

"அப்போ சமையல்கட்டுலேருந்து ஃப்ரிட்ஜ் கிளம்பிச்சு பாருங்க! கதவைத் திறந்துக்கிட்டு, உள்ளே லைட்டைப் போட்டுக்கிட்டு, கப்பல் மாதிரி வந்துச்சு. ஏறி உக்காந்தேன். துடைப்பத்தால துழாவிக்கிட்டே வர்றேன், ஹால்ல ஒரே நெரிசல். கட்டில் இந்தப் பக்கம், சோபா அந்தப் பக்கம், பின்வீட்டுப் பூனை பருப்பு டப்பாவுல உக்காந்து குறுக்கே வருது. யாருக்கும் ஒழுங்கு தெரியல. நான் நடுவுல நின்னு கையைக் காட்டி ஒவ்வொண்ணா அனுப்பினேன். வேடந்தாங்கலுக்குப் போற நாரை ரெண்டு, ஏரின்னு நினைச்சு ஷோகேஸ்ல இறங்கிடுச்சு. ‘இது வீடும்மா, இன்னும் தெக்கால போங்க’ன்னு வழி சொன்னேன்."

"நாரைகிட்டயா?" என்றார் ஜெபமணி.

"அப்புறம் பக்கத்து ஏரிப் பாசனக்காரங்க நாப்பது பேர் மனுவோட வந்துட்டாங்க. ‘எங்க ஏரி காஞ்சு கிடக்கு, உங்க ஹால் மதகைக் கொஞ்சம் திறந்துவிடுங்க’ன்னு ஒரே கெஞ்சல். ஒரு போகத்துக்கு விட்டேன்."

"காலையிலேருந்து நான் வாசல்லதான்யா உக்காந்திருக்கேன். ஒருத்தரும் வரல."

"பின்வாசல் வழியா வந்தாங்க சார். விவசாயிங்க, கூச்ச சுபாவம்."

தமயந்தி துடைப்பத்தை வைத்துவிட்டுப் படுக்கையறைக்குள் போனாள். ஜம்புலிங்கம் வாயை மூடிக்கொண்டார். அவள் எதைப் பார்க்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். தமயந்தி ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, ஒன்பது வீட்டுப் பெண்களின் பட்டுத் துணிகளைப் பைகளில் கட்டி வைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போயிருந்தாள். ஒன்று நனைந்து சாயம் போனாலும் தெருவில் தலைகாட்ட முடியாது.

பைகள் தரையில் இல்லை. பீரோ தலைமேல் இருந்தன. ஒன்பதும். ஒவ்வொன்றையும் வேட்டியிலும் லுங்கியிலும் சுற்றி, அவசர அவசரமாக முடிச்சுப் போட்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தன. தையல் மெஷினின் மோட்டாரைக்கூடக் கழற்றிப் பரணில் வைத்திருந்தது.

வாசற்படியில் வந்து நின்றாள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "துணியெல்லாம் யார் மேலே எடுத்து வச்சது?"

உண்மையில் குழாய் பிடுங்கிக்கொண்ட அடுத்த நிமிடம் அவர் முதலில் ஓடியது அந்தப் பைகளுக்குத்தான். அதைச் சொல்லலாம். ஆனால் பையைத் தூக்கி பீரோ மேல் வைத்தேன் என்பதெல்லாம் ஒரு செய்தியா? நாரைகளுக்குப் பிறகு அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அதுவா? ஒரு அலை வந்துச்சு. அதுவே தூக்கி வச்சுட்டுப் போயிடுச்சு."

"லுங்கியில சுத்தியா?"

"நல்ல அலை."

தமயந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி. இவ்வளவு தண்ணியும் எப்படி நின்னுச்சு?"

உண்மை இதுதான்: கரண்ட் போனது. மோட்டார் நின்றது, தொட்டி காலியானது, தண்ணீரும் நின்றது. ஜம்புலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். இடது கையை உயர்த்தினார்.

"இந்தக் கட்டைவிரல்! ஓட்டையில வச்சு ஒரே அழுத்து. பைப்புக்குள்ள தண்ணி பின்னாலயே போயி, தொட்டிக்கு ஏறி, அங்கேயும் நிக்காம போர்வெல்லுக்குள்ள இறங்கிடுச்சு. பூமி ‘ஏவ்’னு ஏப்பம் விட்டது எனக்கே கேட்டுச்சு."

யாரும் பதில் சொல்வதற்குள் தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. எங்கேயோ மோட்டார் உறுமியது. கொஞ்ச நேரத்தில் குளியலறைக்குள்ளிருந்து சீறும் சத்தம் கேட்டது.

நான்கு பேரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். பிறகு மூன்று பேர் ஜம்புலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"போங்க," என்றாள் தமயந்தி. "போய் விரலை வைங்க."

அவர் போனார். வேறு வழி? இடது கட்டைவிரலை வைத்ததும் தண்ணீர் நாலா பக்கமும் விசிறியடித்தது. கண் தெரியவில்லை, மூச்சு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்.

தமயந்தி இளவழகனோடு வீட்டின் பின்பக்கச் சந்துக்குப் போனாள். தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில், உளுந்து வடை அளவுக்கு ஒரு வால்வு. அதை வலப்பக்கமாக ஐந்து சுற்று சுற்றினாள்.

"அக்கா, மாமாவுக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா ஒரு நிமிஷத்துல மூடியிருப்பார். அப்புறம் அந்தப் பாவப்பட்ட நாரைக்கு யார் வழி சொல்றது?"

உள்ளேயிருந்து அலறல் கேட்டது. "நின்னுடுச்சு! தமயந்தி, நின்னுடுச்சு!"

அவர்கள் வந்து பார்த்தபோது ஜம்புலிங்கம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். விரல் சுவரில் இருந்தது. முகத்தில் பெருமை இல்லை. தான் சொன்ன ஒன்று கண்ணெதிரே நடந்துவிட்ட திகில்தான் இருந்தது.

"சத்தியமாம்மா... நான்தான்... வெறும் விரல்..."

ஜெபமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தமயந்தி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"எடுத்துடாதீங்க!" என்றாள் அவள். "பிளம்பருக்குப் போன் பண்றேன். அவர் வர்ற வரைக்கும் அப்படியே பிடிச்சுக்கிட்டிருங்க."

பிளம்பர் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறேன் என்றார். தமயந்தி அதை அப்படியே சொல்லிவிட்டு, கணவர் உட்கார ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

"அப்போ சாப்பாடு?" என்றார் ஜம்புலிங்கம், விரலை அசைக்காமல்.

"சோத்துக்கை சும்மாதானே இருக்கு?"