தூதர் குடித்த சிறைக் கஞ்சி

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயர் வேண்டாம், சொன்னால் நமக்குத்தான் வெட்கக்கேடு. அந்நாட்டு அரசர் அண்டை நாட்டோடு போரிட்டு, நாற்பது வீரர்களைச் சிறைபிடித்து வைத்திருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, சமாதானம் பேசத் தூதர் வருவதாக ஓலை வந்தது. அக்காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிறைப்பட்டவர்கள் உண்பதைத் தூதரும் உண்டு பார்ப்பார், பிறகுதான் உடன்படிக்கை.

அரசர் உடனே அவையைக் கூட்டினார். "நாளை தூதர் வரும்போது சிறைக்கும் என் அரண்மனைக்கும் எந்த வேறுபாடும் தெரியக்கூடாது! யார் செய்து முடிப்பீர்?"

அமைச்சர் விழுப்பரையருக்கு அரசவை விகடன் நன்னாகனைக் கண்டாலே ஆகாது. "நன்னாகனை விட்டால் யார், அரசே? தவறினால் தலையைக் கொடுக்கட்டும்" என்றார்.

நன்னாகன் சிறைக்குப் போனான். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் கைதிகளின் ஒட்டிய வயிற்றைக் கேலி செய்து சபையைச் சிரிக்க வைத்திருக்கிறான். அந்த வயிறுகளை நேரில் பார்த்ததும் கூனிக் குறுகிப் போனான்.

மறுநாள் அரசர் தூதரை விருந்து மண்டபத்துக்கு அழைத்து வந்தார். உள்ளே விரிப்பில்லை, இருக்கையில்லை. சாளரமெல்லாம் அடைத்துக் கிடந்தது. ஈரத்தரையில் மண்சட்டிகள், அவற்றில் புழு மிதக்கும் கஞ்சி.

"என்னடா இது?"

"தாங்கள் சொன்னபடிதான், அரசே. சிறையை உயர்த்த நேரம் போதவில்லை, அரண்மனையைத் தாழ்த்திவிட்டேன். இப்போது வேறுபாடு தெரிகிறதா?"

"இவன் தலையை வாங்குங்கள்!" என்று கத்தினார் விழுப்பரையர்.

தூதர் தரையில் உட்கார்ந்து கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "எங்கள் வீரர்கள் உண்பது இதுதானா?"

பொய் சொல்ல வாயெடுத்த அரசர், சட்டியைப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டார். "இதுதான்."

"இதை மறைக்காத முதல் அரசர் நீங்கள். அவர்களை விடுவியுங்கள், ஒப்பமிடுகிறேன்."

தப்பித்தோம் என்று அரசர் வாய்விட்டுச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி நன்னாகன் கழுத்தில் போட்டார். "வா, நானே சிறைக்கதவைத் திறக்கிறேன். எப்படி வாழ்த்துகிறார்கள் பார்!"

தாழ் விலகும் சத்தம் கேட்டதும் நாற்பது பேரும் சுவரோரம் ஒண்டி, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார்கள்.

"அடிக்க வரவில்லை, அப்பா. வீட்டுக்குப் போங்கள்" என்றார் அரசர். ஒரு கையும் இறங்கவில்லை.

அரசர் நன்னாகனைப் பார்த்தார். இருவரும் வாசலை விட்டு விலகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.