ஆட்கள் மட்டும்

"இது ஆறாவது தடவைம்மா. இப்பவாவது எங்கே தப்புன்னு சொல்லிடக் கூடாதா?" என்று கேட்டான் அறவாழி.

தையல்நாயகி கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் ஆகலை சார்."

கேட்டீர்களா, குரு சீடனை 'சார்' என்கிறார்! சீடனுக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தெட்டு. என்ன செய்வது, இந்தக் கதையில் அப்படித்தான் வாய்த்திருக்கிறது.

அறவாழி ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தில் பெரிய உத்தியோகஸ்தன். வெள்ளம் வந்தால் மாற்றுத்திறனாளிகளை எப்படிக் காப்பாற்றுவது என்று கையேடு எழுதுவது அவன் வேலை. அவன் எழுதினால் நாலு நாட்டில் அச்சாகும்.

தையல்நாயகிக்கு உத்தியோகம் ஒன்றும் கிடையாது. கொள்ளிடத்துக்கு நடுவே கோரைத்திட்டில் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டன. நாலு சக்கரம் வைத்த ஒரு பலகையில் உட்கார்ந்து, இரண்டு கைக்கட்டைகளால் தரையை உந்திக்கொண்டு ஊர் முழுக்கப் போய் வருவார். அந்த வட்டாரத்து மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி.

சங்கத் தலைவியின் கையெழுத்து இல்லாமல் கையேடு அச்சுக்குப் போகக் கூடாது என்பது அலுவலக விதி. அந்த விதியை எழுதியவனும் அறவாழியேதான். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அன்றைக்கு வெள்ளி.

"தப்பு என்னன்னு சொல்லுங்கம்மா. ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"சொல்லலாம். சொன்னா எழுதிக்குவீங்க."

"எழுதத்தானே வந்திருக்கேன்?"

"அதுதான் பயமா இருக்கு."

அறவாழிக்கு மண்டை காய்ந்தது. முப்பது வருஷ அனுபவம், நாலு நாட்டுத் தண்ணீர் குடித்தவன். ஒரு பெட்டிக்கடை வாசலில் பரீட்சையில் தோற்ற பையனைப் போல நிற்க வேண்டியிருக்கிறதே என்று பொருமினான்.

"அக்கரையில இருக்கிற வெள்ளப் பாதுகாப்பு மையத்தையே எடுத்துக்குங்க. என் கையேட்டைப் பார்த்துக் கட்டினது. சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். கதவு அகலம். கழிப்பறையில கைப்பிடி. காது கேக்காதவங்களுக்கு விளக்கு, கண் தெரியாதவங்களுக்குச் சங்கு. என்ன குறை?"

"கட்டடத்துல ஒரு குறையும் இல்லை சார்."

"அப்புறம்?"

"நாளைக்குச் செஞ்சு பார்த்துடலாமா? வெள்ளம் வந்துடுச்சுன்னு வச்சுக்குவோம். உங்க புத்தகத்துல என்ன இருக்கோ அதை மட்டும் செய்ங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"செஞ்சா கையெழுத்துப் போடுவீங்களா?"

"பொழுது சாயறப்போ நீங்க சொன்னா போடறேன்."

சனிக்கிழமை காலை. வைகாசி வெயில் எட்டு மணிக்கே சுட்டது.

சங்கு ஊதியது. திட்டின் துறையில் படகு தயாராக நின்றது. அறவாழி ஒரு கையில் கடிகாரமும் ஒரு கையில் கையேடுமாக நின்றான். தையல்நாயகி பலகையை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அறவாழி முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தான்.

'படகில் ஆட்கள் மட்டும். பொருட்களுக்கு இடமில்லை.'

கொட்டை எழுத்தில் இருந்தது. காரணமில்லாமல் அவன் அதை எழுதவில்லை. கட்டில், ஆடு, டிவி என்று கண்டதையும் ஏற்றி, ஒரு படகு கவிழ்ந்து நாலு பேர் போனதைக் கண்ணால் பார்த்தவன் அவன்.

"பலகையை இங்கேயே வச்சிடலாங்களாம்மா?"

"உங்க புத்தகம் சார். அது சொல்றபடி செய்ங்க."

பலகையையும் கைக்கட்டைகளையும் ஒரு பூவரச மரத்தடியில் பத்திரமாக ஓரம் கட்டினான். இரண்டு தொண்டர்கள் பக்கம் நாற்பதில் போட்டிருந்த படத்தின்படியே கைகோத்து, தையல்நாயகியைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஒரு குலுக்கல் இல்லை.

அக்கரை வந்ததும் மறுபடி தூக்கினார்கள். சாய்தளம் வழியாக ஏறி, மையத்தின் கூடத்தில் சுவரோரமாகப் பாய் விரித்து உட்கார வைத்தார்கள்.

அறவாழி கடிகாரத்தைப் பார்த்தான். பதினோரு நிமிடம்!

"அடேயப்பா!" என்று அவனே சொல்லிக்கொண்டான். தொண்டர்கள் கைதட்டினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

"ஒத்திகை முடிஞ்சுதும்மா. பேனா தரட்டுமா?"

"வெள்ளம் பதினோரு நிமிஷத்துல வடிஞ்சுடுமா சார்?"

அறவாழி சிரித்தான். பேச்சுப்படி பொழுது சாயும்வரை இருக்க வேண்டும். சரி, இருந்தால் போயிற்று. அவனும் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

பத்து மணிக்கு டீ வந்தது.

"எடுத்துக்குங்கம்மா."

"வேண்டாம் சார்."

அவன் இரண்டு டம்ளர் குடித்தான்.

பதினோரு மணிக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். பானைத் தண்ணீர், வெட்டிவேர் போட்டது.

"குடிங்கம்மா. வெயில் கொளுத்துது."

"வேண்டாம் சார். நீங்க குடிங்க."

அவன் குடித்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து கூடத்தின் கோடியில் இருந்த கழிப்பறைக்குப் போய் வந்தான். வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"கைப்பிடி எவ்வளவு உறுதியா இருக்கு தெரியுமா? யானை பிடிச்சுத் தொங்கலாம்!"

"அப்படியா" என்றார் தையல்நாயகி.

மதியம் சாப்பாடு வந்தது. தையல்நாயகி இரண்டு வாய் சோறு மட்டும் எடுத்துக்கொண்டார். ரசத்தைத் தொடவில்லை. மோரைத் தள்ளி வைத்தார்.

"உடம்புக்கு ஏதாவதுங்களாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

இரண்டு மணி. தகரக் கூரை தகித்தது. அறவாழியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவன் இன்னொரு தடவை கழிப்பறைக்குப் போய் வந்தான். வழியில் சன்னலோரம் நின்று ஆற்றைப் பார்த்தான், காற்று வாங்கினான், நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டான்.

தையல்நாயகி காலையில் உட்கார வைத்த இடத்திலேயே இருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நெற்றியில் வியர்வை ஓடியது. சன்னல் வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அறவாழி சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"விரதமாம்மா?"

"இல்லை."

"தாகமா இல்லையா?"

"நாக்கு வறண்டு போச்சு."

"பின்ன ஏன் குடிக்க மாட்டேங்கறீங்க? யார் மேல கோபம்? என் மேலயா?"

தையல்நாயகி அவனைப் பார்த்தார். பிறகு கூடத்தின் கோடியைப் பார்த்தார். நாற்பது தப்படி தூரத்தில் கழிப்பறைக் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது.

அறவாழியும் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தான்.

"நான் தூக்கிட்டுப் போறேன்மா. இதோ, ஆளைக் கூப்பிடறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"இன்னிக்குத் தூக்குவீங்க. போன வெள்ளம் மாதிரி ஒன்பது நாள் ஆனா, ஒன்பது நாளும் தூக்குவீங்களா? ஒவ்வொரு தடவையும் ஒரு ஆம்பளை முகத்தைப் பார்த்துக் கேக்கணும் சார். நாலு பேர் பாக்க. இல்லேன்னா அவ்வளவு தூரம் தரையில தவழணும்."

ஆளைக் கூப்பிடத் திரும்பியவன், அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"எங்க சங்கத்துல அஞ்சம்மாள்னு ஒருத்தி. என்னை மாதிரிதான், பலகை. போன வெள்ளத்துல இதே கூடத்துல, இதே சுவரோரம் ஒன்பது நாள் இருந்தா. அவ பலகை வீட்டோட போச்சு. டீ குடுத்தாங்க, வேண்டாம்னா. தண்ணி குடுத்தாங்க, வேண்டாம்னா. தங்கமான பொம்பளை, ஒரு தொந்தரவு இல்லைன்னு எல்லாரும் மெச்சினாங்க."

"அந்த வெள்ளத்துலதான் யாருமே சாகலையேம்மா. அதைத்தானே நான் முன்னுரையில..."

"இங்க சாகலை. அஞ்சாவது நாள் காய்ச்சல் வந்துச்சு. தண்ணி வடிஞ்சு மூணாம் வாரம் ஆஸ்பத்திரியில செத்தா. கிட்னியில கிருமி ஏறிடுச்சாம். வெள்ளத்துல செத்தவங்க பட்டியல்ல அவ பேர் வராது சார். நான் போய்க் கேட்டேன். வராதுன்னுட்டாங்க."

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அறவாழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொம்பைத் தரையில் வைத்தான். செருப்பைக்கூட மாட்டவில்லை, சாய்தளத்தில் இறங்கி ஓடினான்.

படகுக்காரர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். உலுக்கி எழுப்பினான்.

"என்ன சார், மறுபடியும் வெள்ளமா?"

"எடுங்க படகை!"

திட்டில் பூவரச மரத்து நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. பலகை வெயிலில் கிடந்தது. தூக்கினான். மூன்று கிலோகூட இருக்காது. படகில் அவன் மடியளவு இடம்தான் அதற்குப் போதுமானதாக இருந்தது. கைக்கட்டைகள் சட்டைப் பையில் செருகுகிற அளவுதான் இருந்தன. அக்கரை சேரும்வரை அவன் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பலகையைக் கூடத்தில் தையல்நாயகியின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். அது சுட்டது. தன் துண்டை நாலாக மடித்து அதன்மேல் போட்டான்.

தையல்நாயகி கையை ஊன்றி, ஒரே எம்பில் அதில் ஏறிக்கொண்டார். யாரும் தூக்கவில்லை. கைக்கட்டைகளை வாங்கிக்கொண்டு முதல் காரியமாக வெயிலைவிட்டு நகர்ந்தார்.

அறவாழி கையேட்டைத் திறந்து, முப்பத்தேழாம் பக்கத்தில் பேனாவை ஊன்றினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"இந்த வரியை எப்படி மாத்தட்டும்? சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்."

தையல்நாயகி கையேட்டைக் கைக்கட்டையால் மெல்ல ஓரமாக ஒதுக்கினார்.

"அது கிடக்கட்டும் சார். முதல்ல அந்தத் தண்ணியக் குடுங்க."