உரித்த சுவர்

புது ஊருக்குப் போனால் முதலில் சந்தையைப் பார் என்றோ, சந்தையில் நிற்கிறவர்களைப் பார் என்றோ நல்லசிவனின் பெரியப்பா சொல்வார். எது என்று அவனுக்குச் சரியாக நினைவில்லை. அயர்லாந்தின் அந்தச் சிறிய ஊருக்கு வந்தபோது அவன் சந்தைக் கட்டடத்தைத்தான் பார்த்தான்.

இருநூறு வருஷக் கட்டடம். கீழே வளைவுகள், ஒரு காலத்தில் தானியம் விற்ற இடம். மேலே வழக்குகள் நடந்த கூடம். இப்போது கீழே பிரிஜிட்டின் டீக்கடை, மேலே அவள் வீடு. சுண்ணாம்புப் பூச்சு அங்கங்கே பெயர்ந்து கல் தெரிந்தது. மொத்தத்தையும் உரித்துவிட்டால் கட்டடம் எடுப்பாக இருக்கும் என்றான் நல்லசிவன். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. சாரம் கட்டியாயிற்று. மறுநாள் உளி வைக்க வேண்டும்.

பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையை, நாற்பத்தெட்டு வயதில், அவன் நூலா என்ற பெண்மணியிடம் கற்றுக்கொண்டிருந்தான். ஊரில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவனுக்கு வாய் வராது, மேடம் என்பான். யாரோ பெரிய மனுஷி வந்திருக்கிறாள் போல அவர் திரும்பிப் பின்னால் தேடுவார்.

அன்று நூலா சாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"உள்ளே இவ்வளவு நல்ல கல் இருக்கிறது மேடம். மேலே பூசி மறைப்பது பொய்யில்லையா?"

"டீ குடிக்கலாம், வா."

எதிரே பழைய விடுதி. வெளிச்சுவர் முழுக்க வெறும் கல். ஊருக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே சுவரோர நாற்காலியைக் காட்டி, நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னார் நூலா. பிறகு தன் நாயின் பல்வலி, மருமகன் கார் ஓட்டும் லட்சணம் என்று பேசிக்கொண்டே இருந்தார். வெளியே சாய்ந்தடித்த மழை.

டீ ஆறுவதற்குள் அவன் முதுகு சில்லிட்டது. முதுகைத் தொட்டுப் பார்த்தான். சுவரின் ஈரம் ஏறிச் சட்டை நனைந்திருந்தது.

"இதை உரித்தது யார்?"

"நான்தான். ஊரே கைதட்டியது. இப்போது மாடியில் நான்கு அறை மழை ஈரம் ஊறிப் பூட்டிக் கிடக்கிறது."

"ஆனால் கல் அழகாக இருக்கிறதே."

"அழகுதான். மேலே பூசப்போகிறோம் என்று தெரிந்துதான் கொத்தனார் அதை இப்படி அடுக்கினார். அவர் முடித்துவிட்டுப் போன சுவர், சிவா. நான் அதைப் பாதி வேலையாக ஆக்கிவிட்டேன்."

நல்லசிவன் எழுந்து தெருவைக் கடந்தான். உளி வேண்டாம், பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பு பூசினால் போதும் என்று பிரிஜிட்டிடம் சொன்னான்.