கைமாறும் கொட்டாங்குச்சி

சடையாண்டி துணிமூட்டையைக் கட்டிவிட்டார். மடத்துக்கு வந்த நாளிலிருந்து சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷன். இன்று குடித்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டார். ஆனாலும் குருவிடம் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

குரு குழந்தைச்சாமி அவரைவிட வயதில் இளையவர். சாமி என்றால் நரைத்த தாடி இருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். கிணற்றடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி, நான் தோத்துட்டேன். ஏக்கம் போகல. கடைக்குப் போறேன்."

"எந்தக் கடைக்கு?"

"சர்க்காரு கடைதான். வேற எது இருக்கு?"

"அங்க நல்லாருக்குமா?"

சடையாண்டிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன நல்லாருக்கும்? ஆளுக்கொரு பாட்டிலு. சுவத்தப் பாத்துக் குடிச்சிட்டு, துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு வரணும். எங்க அப்பாரு காலத்துல இப்படியா? பட்டைச் சாராயம் காய்ச்சினா மொதல்ல கருப்பனுக்குப் படையல். புள்ள பெத்தவளுக்கு ஒரு மடக்கு. பொணம் தூக்கினவனுக்கு ஒரு மடக்கு. திருவிழான்னா ஊரே வட்டமா உக்காரும். எல்லாருக்கும் ஒரே கொட்டாங்குச்சி. செத்தவங்களுக்கு ஒரு சொட்டு மண்ணுல விட்டுட்டு, குடிச்சிட்டு, அடுத்த ஆளுகிட்டக் குடுப்போம்."

"அப்புறம்?"

"குடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. கூட உக்காந்து குடிச்சவனே என்னைக் குடிகாரப் பயன்னு காறித் துப்பினான். இப்போ சட்டமே கடை தெறந்து வச்சிருக்கு. அவனும் அங்கதான் நிக்கிறான். என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிறான்."

குரு செடியோரம் கிடந்த கொட்டாங்குச்சியைக் கழுவி, கிணற்றுத் தண்ணீரை மொண்டு நீட்டினார்.

"வெயில்ல போறீங்க. குடிச்சிட்டுப் போங்க."

சடையாண்டி வாங்கினார். கைப்பழக்கம் விடுமா? ஒரு சொட்டை மண்ணில் விட்டார். ஒரு மடக்கு குடித்தார். பிறகு, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, கொட்டாங்குச்சியை இடப்பக்கம் நீட்டினார்.

அங்கே யாரும் இல்லை.

நீட்டிய கையை மடக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. கண் நிறைந்து வழிந்தது.

குரு வாளியைக் கீழே வைத்தார். இடப்பக்கம் வந்து, ஈர மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கொண்டாங்க. அடுத்த ஆளு நான்தானே?"